அமெரிக்கக் கொந்தளிப்பும் சின்ன வயது டிவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1992 லாஸ் ஏஞ்சல்ஸ் கலவரம், 2020இல் மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்தது, 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதல் என்று எப்போது அமெரிக்கா கொந்தளித்தாலும், கூடவே ஒரு பெருமூச்சும் கேட்கும்: "எங்க சின்ன வயசுல நாடும் நிம்மதியா இருந்துச்சு, டிவியும் நல்லா இருந்துச்சு." டிவி நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளலாம். நாடு நிம்மதியாக இருந்தது என்பதுதான் தேதிகளோடு ஒத்துவரவில்லை. இந்தப் பேச்சையொட்டித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில் இங்கே.

அந்தக் காலம் உண்மையிலேயே அமைதியான காலம்தானா?

இல்லை. அமெரிக்கர்கள் அதிகம் உருகும் மூன்று சிறுவர் நிகழ்ச்சிகளின் தொடக்கத் தேதிகளைப் பாருங்கள். ஃப்ரெட் ராஜர்ஸ் பொம்மைகளோடு நடத்திய மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட் நாடு முழுக்க வந்தது 1968 பிப்ரவரி 19. ஸ்கூபி டூ, 1969 செப்டம்பர் 13. சீசமி ஸ்ட்ரீட், 1969 நவம்பர் 10. மூன்றும் 21 மாதத்துக்குள் வந்துவிட்டன.

அதே காலத்தில் வேறென்ன நடந்தது? ராஜர்ஸ் வருவதற்கு முந்தைய கோடையில் டெட்ராய்ட் எரிந்து 43 பேர் இறந்திருந்தார்கள். அவர் வந்த வாரத்தில் வியட்நாமில் டெட் தாக்குதல் ஓய்ந்திருக்கவில்லை. ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார், நூறுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம். ஜூனில் செனட்டர் ராபர்ட் கென்னடி. ஆகஸ்டில் சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி. சீசமி ஸ்ட்ரீட் தொடங்கி ஐந்தே நாளில் போருக்கு எதிராக லட்சக்கணக்கானோர் வாஷிங்டனில் ஊர்வலம் போனார்கள்.

குழந்தைக்கு இது உறைக்காததற்குக் காரணம் உண்டு. அன்றைக்குத் தேசிய செய்தி ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரமே 1963 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன் 15 நிமிடம். செய்தி முடிந்தால் முடிந்தது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எரியும் கார் வந்து நிற்கவில்லை. நினைவில் தங்கியிருக்கும் நிம்மதி வீட்டுக்குள் இருந்த நிம்மதி. அதை நாட்டின் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

ஸ்கூபி டூவுக்கும் அரசியல் கொலைகளுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 1966, 67இல் சனிக்கிழமைக் காலை முழுக்க சூப்பர் ஹீரோ கார்ட்டூன்கள்தாம்: ஸ்பேஸ் கோஸ்ட், ஹெர்குலாய்ட்ஸ் வகை. அடிதடி, வெடி, லேசர். 1968இல் இரண்டு கொலைகள் நடந்ததும், வன்முறையின் காரணங்களை ஆராய ஜனாதிபதி ஜான்சன் மில்டன் ஐசன்ஹோவர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். விரல் டிவி பக்கமும் நீண்டது. அதே ஆண்டு மாசசூசெட்ஸில் பெகி சாரனும் மற்ற சில தாய்மார்களும் சேர்ந்து சிறுவர் டிவிக்கான போராட்ட அமைப்பைத் தொடங்கினார்கள்.

சிபிஎஸ் என்ற டிவி நெட்வொர்க்கில் பகல் நேர நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஃப்ரெட் சில்வர்மன் அடிதடி கார்ட்டூன்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைக்க ஒன்றைத் தேடினார். வந்தது நான்கு இளைஞர்கள், ஒரு பயந்தாங்கொள்ளி நாய். பேய் என்று நினைத்தது கடைசியில் முகமூடி போட்ட ஆளாக இருக்கும். யாரும் யாரையும் அடிப்பதில்லை, துரத்துவதோடு சரி. அந்தக் கதை அமைப்பு கொந்தளிப்பு ஆண்டின் நெருக்கடியில் உருவானது.

சனிக்கிழமைக் கார்ட்டூனில் செய்தியே கிடையாதே, அதனால்தானே நிம்மதி?

இருந்தது. 1971 முதல் 1986 வரை சிபிஎஸ் கார்ட்டூன்களுக்கு நடுவே 'இன் தி நியூஸ்' என்று இரண்டு, இரண்டரை நிமிடச் செய்தித் துண்டுகளைப் போட்டது. கிறிஸ்டோபர் க்ளென் குரல். வியட்நாம், வாட்டர்கேட் எல்லாம் பள்ளிப் பிள்ளைக்குப் புரிகிற அளவில் அதில் வந்தன. அந்த வயதுக்காரர்களிடம் கேட்டால் கார்ட்டூன் பெயர் வரும், கொஞ்சம் யோசித்தால் அந்தச் சுழலும் உருண்டை முகப்பும் ஞாபகம் வரும், செய்தி மட்டும் வராது.

மிஸ்டர் ராஜர்ஸ் அரசியலே பேசாத மனிதர் இல்லையா?

கட்சி அரசியல் பேசவில்லை. மற்றபடி அவர் பேசியதில் பாதி அரசியல்தான், பொம்மை வழியாகப் பேசினார்.

முதல் வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஊரின் ராஜா, பதின்மூன்றாம் ஃப்ரைடே, மாற்றம் வருகிறது என்று பயந்து கோட்டையைச் சுற்றி வேலி போடுகிறார், எல்லைக் காவலர்களை நிறுத்துகிறார். ஊர்க்காரர்கள் அமைதி, அன்பு, சேர்ந்து வாழ்தல் என்று எழுதிய பலூன்களை வேலிக்கு மேல் மிதக்க விடுகிறார்கள். ராஜா இறங்கிவருகிறார். 1968 பிப்ரவரியில் வியட்நாம் படம் ஓடிய அதே பெட்டியில் இது வந்தது.

1969 மே 9 அன்று வந்த எபிசோட் இன்னும் பேசப்படுகிறது. வெயிலுக்காக ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் காலை நனைத்துக்கொண்டிருக்கிறார் ராஜர்ஸ். ஃப்ரான்ஸ்வா க்ளெமன்ஸ் நடித்த கறுப்பினப் போலீஸ்காரர் வருகிறார். அவரையும் காலை நனைக்கச் சொல்கிறார். ஒரே தொட்டியில் நான்கு கால்கள், பிறகு ஒரே துண்டு. பின்னணி தெரியாமல் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. பின்னணி இது: 1964 ஜூனில் ஃபுளோரிடா செயின்ட் அகஸ்டினில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் இறங்கினார்கள் என்பதற்காக விடுதிக்காரர் தண்ணீரில் அமிலம் ஊற்றினார். அந்தப் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. ராஜர்ஸ் குளத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. அந்தக் காலத்தில் கறுப்பினக் குடியிருப்புகளில் போலீஸுக்கு இருந்த பெயரை நினைத்து, சீருடை போட முதலில் க்ளெமன்ஸுக்கே தயக்கம் இருந்தது.

1983 நவம்பர் 7 முதல் 11 வரை ஒரு வாரம் முழுக்க ஆயுதப் போட்டியைப் பற்றியே ஓடியது. பக்கத்து ஊர் ஏதோ பாகங்கள் வாங்குகிறது, அது குண்டுதான் என்று முடிவுகட்டி ராஜா தானும் குண்டு செய்ய உத்தரவிடுகிறார். கடைசியில் பார்த்தால் அவர்கள் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கரீபியன் தீவான கிரனாடாவில் அமெரிக்கப் படை இறங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை அப்போது. அந்த வாரம் முடிந்தபோது, அணு யுத்தத்தைக் காட்டிய ஏபிசியின் டிவி படம் வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது.

ராபர்ட் கென்னடி கொலையைக் குழந்தைகளுக்கு டிவியில் விளக்கினார்கள் என்பது நிஜமா?

நிஜம். சுடப்பட்டது 1968 ஜூன் 5, இறந்தது 6, நிகழ்ச்சி வந்தது 7ஆம் தேதி மாலை. அவசரமாக எழுதி எடுத்தது. டேனியல் என்ற புலிப் பொம்மை முதலில் பலூனைப் பற்றிக் கேட்கும்: உள்ளே இருக்கும் காற்று எல்லாம் வெளியே போய்விட்டால் என்ன ஆகும்? பிறகு, அந்தக் கொலைச் செய்தியில் வந்த சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கும். உடன் இருக்கும் பெண் ஒளிக்காமல் பதில் சொல்வார்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். பயத்தைக் குழந்தை நேராகக் கேட்காது, சுற்றிவளைத்து வேறு எதையோ கேட்கும். அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னால்தான் உண்மையான கேள்வி வரும். நிகழ்ச்சியில் ராஜர்ஸ் நேராகப் பெற்றோரைப் பார்த்தும் பேசினார்: திரும்பத் திரும்ப ஓடும் வன்முறைப் படங்களை இந்தச் சின்னவர்களால் தாங்க முடியாது என்று.

ராஜர்ஸ் செனட்டில் ஆறு நிமிடம் பேசி, பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸைக் காப்பாற்றினாராமே?

வீடியோ உண்மை, தலைப்பு மிகை. 1969 மே 1 அன்று செனட்டின் தகவல்தொடர்புத் துணைக்குழு முன் பேசினார். பொது ஒளிபரப்புக்கான 2 கோடி டாலரைப் பாதியாக்க நிக்சன் அரசு விரும்பியது. கோபம் வந்தால் என்ன செய்வது என்ற தன் பாட்டின் வரிகளை அவர் சொல்லிக் காட்ட, குழுத் தலைவர் ஜான் பாஸ்டோரி உருகி, அந்த 2 கோடியைச் சம்பாதித்துவிட்டீர்கள் என்றார்.

தலைப்பில் இரண்டு தவறுகள். ஒன்று, அந்தத் தேதியில் பிபிஎஸ்ஸே கிடையாது. அது உருவானது அதே ஆண்டு நவம்பரில், ஒளிபரப்பு 1970 அக்டோபரில். இருந்தது 1967 சட்டத்தில் பிறந்த பொது ஒளிபரப்புக் கழகம், சுருக்கமாக சிபிபி. இரண்டு, பாஸ்டோரி எதிரி அல்ல; அந்தச் சட்டம் செனட்டில் நிறைவேற முன்நின்றவர்களில் ஒருவர். கடுகடுப்பான செனட்டர் ஒரு நல்ல மனிதரிடம் தோற்றார் என்பது பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் கதவு ஏற்கெனவே முக்கால்வாசி திறந்திருந்தது.

சீசமி ஸ்ட்ரீட்டைத் தடை செய்தார்களா?

மிசிசிப்பியில். 1970 வசந்தத்தில் அந்த மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் நிகழ்ச்சியை நிறுத்திவைத்தது. காரணம், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தெருவில் சேர்ந்து வாழ்வதாகக் காட்டியது. மாநிலச் சட்டமன்றம் முகம் சுளித்து, புதிதாகத் தொடங்கிய ஒளிபரப்புக்குப் பணம் தராமல் போய்விடுமோ என்ற பயம். மே மாதம் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்ததும் நாடே கேட்டது, ஒரு மாதத்துக்குள் ஆணையம் பின்வாங்கியது.

அந்தத் தெருவே ஓர் அரசியல் முடிவு. சிறுவர் நிகழ்ச்சி என்றால் அதுவரை கோட்டை, பண்ணை, கோமாளிக் கூடாரம். நிகழ்ச்சியை உருவாக்கிய ஜோன் கான்ஸ் கூனியின் குழு நியூயார்க்கின் ஹார்லெம் பக்கத்து வீட்டுப் படிக்கட்டு, குப்பைத் தொட்டி, மூலைக் கடை எல்லாவற்றையும் அரங்கமாக்கியது. சுமார் 80 லட்சம் டாலர் திட்டம். பாதி மத்திய அரசுப் பணம், மீதியில் பெரும்பகுதி கார்னகி, ஃபோர்ட் அறக்கட்டளைகள். ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகும்போதே பின்தங்கி நிற்கிறது என்ற ஜான்சன் காலக் கவலைதான் அடிப்படை.

வேலை எப்படி நடந்தது என்பது இன்னும் சுவையானது. டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டரை வைத்து ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாற்றுவார்கள். குழந்தையின் கண் எந்த நொடியில் டிவியை விட்டு அந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். பரிசோதனை எபிசோடுகளில், தெருக் காட்சி வந்தால் கண் போனது. நிபுணர்கள் சொன்னபடி மனிதர்கள் ஒரு பக்கம், பொம்மைகள் வேறு பக்கம் என்று பிரித்து வைத்ததுதான் கோளாறு. அறிவுரையை ஓரம்கட்டிவிட்டுப் பொம்மைகளைத் தெருவில் இறக்கினார்கள். பிக் பேர்டும் குப்பைத் தொட்டி ஆஸ்கரும் அப்படி வந்தவர்கள்.

அப்படியானால் எண்பதுகள்தான் பொற்காலமா?

ஹீ-மேன், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வருத்தமாக இருக்கலாம், அவை முதலில் பொம்மை விளம்பரங்கள். ரீகன் காலத்தில் தகவல்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்சிசி, 1984இல் விளம்பர நேரத்துக்கான கட்டுப்பாட்டு நெறிகளைத் தளர்த்தியது. கடையில் விற்கும் பொம்மையையே கதாநாயகனாக்கி அரை மணி நேரத் தொடர் எடுக்கலாம் என்று ஆனது. சிறுவர் டிவி மசோதா ஒன்று 1988இல் காங்கிரஸில் நிறைவேறியும் ரீகன் கையெழுத்திடாமல் சாகவிட்டார். 1990இல் அதே மசோதா திரும்ப வந்தபோது மூத்த புஷ் கையெழுத்தும் போடவில்லை, தடுக்கவும் இல்லை, தானாகவே சட்டமாயிற்று.

சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன் எங்கே போனது?

அந்த 1990 சட்டம் சிறுவர் நிகழ்ச்சியில் விளம்பரத்தை மணிக்கு வார இறுதியில் பத்தரை நிமிடம், வார நாளில் 12 நிமிடம் என்று கட்டிப்போட்டது. 1996இல் வாரத்துக்கு மூன்று மணி நேரம் கல்வி சார்ந்த நிகழ்ச்சி காட்ட வேண்டும் என்று விதி வந்தது. நிலையங்கள் அந்த மூன்று மணி நேரத்தை எங்கே வைத்தன? சனிக்கிழமைக் காலையில். இதோடு நிக்கலோடியன், கார்ட்டூன் நெட்வொர்க் போன்ற கேபிள் சேனல்கள் நாள் முழுக்கக் கார்ட்டூன் காட்டத் தொடங்கிவிட்டன. பெரிய ஒளிபரப்பு நெட்வொர்க்குகளில் கடைசியாக மிஞ்சியிருந்த கார்ட்டூன் தொகுப்பு, சிடபிள்யூவின் வோர்டெக்ஸ், 2014 செப்டம்பர் 27 அன்று முடிந்தது. நல்ல டிவி வேண்டும் என்று போராடியவர்கள் வென்றதும் இந்தச் சாவுக்கு ஒரு காரணம். இதை நினைத்துச் சிரிப்பதா வருந்துவதா என்பது அவரவர் விருப்பம்.

மசோதா சட்டமாவதைப் பாட்டாகச் சொன்ன கார்ட்டூனை நம்பலாமா?

ஏபிசியின் ஸ்கூல்ஹவுஸ் ராக் 1973இல் தொடங்கியது; படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் மசோதாவின் பாட்டு எழுபதுகளின் நடுவில் வந்தது. மூன்று நிமிடத்துக்கு நன்றாகவே சொல்கிறது: கமிட்டி, கீழவை, செனட், ஜனாதிபதி, அவர் மறுத்தால் திரும்பக் காங்கிரஸில் வாக்கு. விட்டுப்போனதுதான் இன்றைய சண்டைகளுக்கெல்லாம் காரணம். செனட்டில் விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும் என்பது அதில் இல்லை. ஒதுக்கிய பணத்தை ஜனாதிபதி திரும்பக் கேட்கலாம், காங்கிரஸ் 45 நாளுக்குள் சாதாரணப் பெரும்பான்மையில் சம்மதிக்கலாம் என்ற 1974 சட்ட வழியும் இல்லை. 2025இல் பொது ஒளிபரப்பின் பணம் போனது இந்த வழியில்தான்.

பிபிஎஸ்ஸை மூடிவிட்டார்களா?

மூடவில்லை, வேரை வெட்டினார்கள். 2025 மே 1 அன்று, ராஜர்ஸ் செனட்டில் பேசிச் சரியாக 56 ஆண்டு கழித்து, பிபிஎஸ்ஸுக்கும் பொது வானொலியான என்பிஆருக்கும் மத்தியப் பணம் போகக் கூடாது என்று டிரம்ப் ஆணையிட்டார். ஜூலையில் பணத்தைத் திரும்பப் பெறும் மசோதா செனட்டில் 51க்கு 48, கீழவையில் 216க்கு 213 என்று நிறைவேறியது. ஜூலை 24 அன்று கையெழுத்து. இரண்டு ஆண்டுக்கான சுமார் 110 கோடி டாலர் ரத்து. ஆகஸ்ட் 1 அன்று சிபிபி தன் வேலைகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

இதைப் பேசும்போது பலர் மூன்று அமைப்புகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். சிபிபி பணம் பிரித்துக் கொடுத்த கழகம். பிபிஎஸ் உறுப்பு நிலையங்களுக்கு நிகழ்ச்சி தரும் அமைப்பு. சீசமி ஸ்ட்ரீட்டைத் தயாரிப்பது தனி லாப நோக்கற்ற நிறுவனம். சிபிபி பணத்தில் சுமார் 70 சதவீதம் உள்ளூர் நிலையங்களுக்கே போனது. நியூயார்க், பாஸ்டன் நிலையங்களுக்குச் சந்தாதாரர்களும் அறக்கட்டளைகளும் உண்டு. அலாஸ்காவிலோ கிராமப்புற மாநிலங்களிலோ இருக்கும் சின்ன நிலையத்துக்கு அந்தப் பணம்தான் உயிராக இருந்தது. ஆக, அடி முதலில் விழுவது வெட்டச் சொல்லி வாக்களித்த உறுப்பினர்கள் பலரின் தொகுதிகளில்தான்.

சீசமி ஸ்ட்ரீட் அதற்கு முன்பே வேறு கூரை தேட ஆரம்பித்திருந்தது. 2016 முதல் புது எபிசோட் முதலில் எச்பிஓவில், ஒன்பது மாதம் கழித்துப் பிபிஎஸ்ஸில். 2025இல் நெட்ஃபிளிக்ஸுடன் ஒப்பந்தம். இந்த முறை பிபிஎஸ்ஸிலும் அதே நாளில்.

இப்போதுதான் சிறுவர் சேனல்களில் அரசியல் புகுந்துவிட்டது என்கிறார்களே?

மேலே சொன்னதையெல்லாம் படித்த பிறகு 'இப்போதுதான்' என்ற சொல் நிற்காது. ஆனால் எப்படிப் பேசினார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. 2020 ஜூன் 1 அன்று நிக்கலோடியன் 8 நிமிடம் 46 விநாடி நிகழ்ச்சியை நிறுத்தி, மூச்சுவிடும் ஒலியோடு எழுத்துகளை மட்டும் காட்டியது. ஜார்ஜ் ஃபிளாய்டுக்கான அஞ்சலி. தனியாக உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை; பயந்துபோன பிள்ளைகளின் பெற்றோர் புகார் சொன்னார்கள். ஐந்து நாள் கழித்து, ஜூன் 6 அன்று, சீசமி ஸ்ட்ரீட் சிஎன்என்னோடு சேர்ந்து இனவெறியைப் பற்றி ஒரு மணி நேரம் நடத்தியது. எல்மோ என்ற பொம்மை தன் அப்பாவிடம், இவர்கள் ஏன் ஊர்வலம் போகிறார்கள் என்று கேட்டது, அப்பா பதில் சொன்னார். முதலாவது பெரியவர்களின் மனசாட்சிக்காகச் செய்தது, இரண்டாவது குழந்தைக்காகச் செய்தது.

செய்திகளில் நடுநிலை வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகுமா?

ஆகாது. 1987இல் எஃப்சிசி கைவிட்ட அந்த விதி அலைக்கற்றையில் ஒளிபரப்பும் நிலையங்களுக்கு மட்டும். கேபிளுக்குப் பொருந்தவில்லை, இணையத்துக்குப் பொருந்த வழியே இல்லை.

"நான் அதை லைவாகப் பார்த்தேன்" என்ற ஞாபகத்தை எப்படிச் சரிபார்ப்பது?

உறுதியாகத் தோன்றுவதால் ஒரு ஞாபகம் சரியாகிவிடாது. 1986 சேலஞ்சர் விண்கல விபத்துக்கு மறுநாள், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது பலருடைய பதில் முழுக்க மாறியிருந்தது, நம்பிக்கை மட்டும் குறையவில்லை. சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை.

சரிபார்க்கும் முறை இது. முதலில் நிகழ்வின் நேரத்தை நீங்கள் இருந்த ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள்; கிழக்கில் காலை 11:39 என்றால் கலிஃபோர்னியாவில் 8:39, பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியில் இருந்திருக்கும். அடுத்து, அதை நேரலையில் எந்தச் சேனலாவது காட்டியதா என்று பாருங்கள். ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதாகக் கைதான ஓஸ்வால்ட் சுடப்பட்டதை 1963 நவம்பர் 24 ஞாயிறன்று நேரலையாகக் காட்டியது என்பிசி மட்டும். மற்றவர்கள் பார்த்தது சற்றுப் பின் ஓட்டிய டேப். 2001 செப்டம்பர் 11இல் முதல் விமானம் மோதியதை எந்த டிவியும் நேரலையில் காட்டவில்லை. அதை லைவில் பார்த்ததாகச் சொல்பவர்கள் ஏராளம். மூன்றாவது, அன்றைய உள்ளூர்ப் பத்திரிகையின் டிவி பட்டியல். ஊர்ப் பொது நூலகத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கும். தேசியப் பட்டியலை நம்ப வேண்டாம், உள்ளூர் நிலையங்கள் தம் இஷ்டத்துக்கு மாற்றிப் போடும்.

கடைசியாகக் காப்பகம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் 5 முதல் தேசிய மாலைச் செய்திகளைப் பதிவு செய்திருக்கிறது. சுருக்கத்தை யாரும் தேடலாம். அமெரிக்கப் பொது ஒளிபரப்புக் காப்பகத்தில் 1973 வாட்டர்கேட் விசாரணைகள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இலவசமாகக் கிடைக்கின்றன. கீழவை நடவடிக்கை 1979 மார்ச் முதலும் செனட் 1986 ஜூன் முதலும் டிவியில் வந்தன; அவற்றைக் காட்டும் சி-ஸ்பான் சேனலின் வீடியோ நூலகத்தில் தொடர்ச்சியாக இருப்பது 1987 முதல்தான். 2009க்குப் பிந்தைய செய்தி என்றால் இணையக் காப்பகத்தின் டிவி பகுதியில் வசன வரிகளை வைத்தே தேடலாம்.

கலவரச் செய்தி ஓடும்போது வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால்?

அணைத்துவிடுங்கள். ஏழு வயதுக்குக் கீழே விளக்கத்தைவிட இதுதான் வேலை செய்யும். ஒரே காட்சியை இருபது முறை காட்டினால் இருபது கட்டடம் எரிவதாகச் சின்னக் குழந்தை நினைத்துக்கொள்ளும். மறு ஒளிபரப்பு என்பது அதற்குப் புரியாது. பெரியவர்களுக்குச் செய்தி தேவைப்பட்டால் எழுத்தில் படியுங்கள், அல்லது குழந்தை தூங்கிய பின் ஒரே ஒரு முறை பாருங்கள். கைபேசியில் வீடியோ தானாக ஓடும் வசதியை நிறுத்துவது டிவியை அணைப்பதைவிட முக்கியம்.

குழந்தை கேட்டுவிட்டால் முதலில் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டு, அது சொன்னதிலிருந்து மட்டும் தொடங்குங்கள். இடம் எவ்வளவு தூரம் என்பதை அதற்குத் தெரிந்த அளவில் சொல்லுங்கள். "ஒன்றும் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் முகத்தை அது ஏற்கெனவே பார்த்துவிட்டது. பத்து வயதைத் தாண்டியவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஊர்வலத்தில் போனவர்கள், கடையை உடைத்தவர்கள், தடுக்க வந்தவர்கள் என்று யார் யார் என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் அங்கே வேலை.

உதவி செய்கிறவர்களைப் பார் என்ற ராஜர்ஸ் வாசகத்தை எல்லோரும் பகிர்கிறார்களே?

அவருடைய அம்மா அவருக்குச் சொன்னது. அவர் குழந்தைகளுக்குச் சொன்னது. நாலு வயதுப் பிள்ளையால் வேறெதுவும் செய்ய முடியாது, அதனால் எங்கே பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். வாக்குரிமை உள்ள நாற்பது வயதுக்காரர் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இதைப் பகிர்ந்துவிட்டு நகர்வது வேறு. அந்த வயதில் பார்த்துக்கொண்டிருப்பது போதாது.

பழைய எபிசோடுகளை எங்கே பார்ப்பது? என்ன சிக்கல் வரும்?

ராஜர்ஸ் நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ இணையதளம் எபிசோடுகளைச் சுழற்சியில் இலவசமாகக் காட்டுகிறது. சீசமி ஸ்ட்ரீட்டின் முதல் ஐந்து பருவங்களிலிருந்து தொகுத்த 'ஓல்ட் ஸ்கூல்' டிவிடி 2006இல் வந்தது. அதில் இது பெரியவர்களுக்கானது, இன்றைய மழலைகளுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிக்கை இருக்கும். முதல் எபிசோடிலேயே ஒரு சிறுமியைப் புது மனிதர் ஒருவர் கைபிடித்துத் தெருவைச் சுற்றிக்காட்டி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். இன்றைக்கு அதை யாரும் எழுத மாட்டார்கள்.

அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. எல்லா மண்டலத்தையும் படிக்கும் பிளேயர் வேண்டும். படம் பக்கவாட்டில் இழுத்தாற்போல், எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் டிவியின் அளவு அமைப்பை 4:3க்கு மாற்றுங்கள்.

சென்னையிலும் மதுரையிலும் சுட்டி டிவியில் டோராவைத் தமிழில் பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி: அது நிக்கலோடியனில் 2000 ஆகஸ்டில் தொடங்கிய நிகழ்ச்சி. இங்கே வழி கேட்டு ஊர் சுற்றும் பெண், அங்கே ஸ்பானியம் பேசும் குடியேறிகளைப் பற்றிய சண்டைகளுக்கு நடுவே இருமொழிக் கதாநாயகியாக வளர்ந்தாள்.

வீட்டில் பதிவு செய்த பழைய விஎச்எஸ் டேப்பை எப்படிக் காப்பாற்றுவது?

அமெரிக்காவில் பதிவான டேப் என்டிஎஸ்சி முறை: 525 வரி, விநாடிக்கு 29.97 ஃப்ரேம். இந்தியாவின் பால் (PAL) முறை விசிஆரில் படம் உருளும் அல்லது கறுப்பு வெள்ளையாக வரும். இரு முறையும் ஓட்டும் விசிஆர் தேடுங்கள், எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால் நல்லது.

பெட்டியின் கண்ணாடி வழியே டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. விசிஆரில் போடவே கூடாது, ஒரே டேப் ஹெட்டைக் கெடுத்து அடுத்த டேப்புக்கும் பரப்பும். சுத்தமாக இருந்தால் ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். பல ஆண்டு ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும்.

டி-120 டேப்பில் எஸ்பி வேகத்தில் 2 மணி நேரம், இபியில் 6 மணி நேரம். காசு மிச்சம் பிடிக்க வீடுகளில் பெரும்பாலும் இபியில்தான் பதிந்தார்கள். எஸ்பியில் 58 மைக்ரான் அகலமுள்ள தடம் இபியில் 19 மைக்ரான்தான், அதனால் வேறு விசிஆரில் கோடு விழும். ட்ராக்கிங்கைத் தானியங்கியில் விடாமல் கையால் திருப்பிப் பாருங்கள். முதலில் பதிவு செய்த அதே விசிஆர் பரணில் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

பிடிக்கும்போது 720க்கு 480, 29.97 ஃப்ரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ வடிவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். இழப்பில்லாத வடிவம் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். மலிவான யூஎஸ்பி குச்சிகள் அங்கேயே சுருக்கிவிடும், அசையும் இடத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகளை நிரந்தரமாகப் பதித்துவிடும். உதடும் ஒலியும் போகப்போக விலகினால் காரணம் தவறிய ஃப்ரேம்கள். விசிஆருக்கும் கணினிக்கும் நடுவே படத்தின் நேரத்தை நிலைப்படுத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியை வைத்தால் நிற்கும். சின்ன வேலைக்கு, அந்த வசதி உள்ளேயே இருக்கும் டிவிடி ரெக்கார்டர் வழியாக அனுப்பினாலும் போதும்.

விளம்பரங்களை வெட்டாதீர்கள். கார்ட்டூனின் நல்ல பிரதி நிறுவனத்திடம் இருக்கும். நடுவே வந்த உள்ளூர்ச் செய்தி அறிவிப்பு, தேர்தல் விளம்பரம், கீழே ஓடிய ஊரடங்கு எச்சரிக்கை எல்லாம் பெரும்பாலும் உங்கள் டேப்பில் மட்டும்தான் இருக்கும். முழு எபிசோடை யூடியூபில் ஏற்றினால் காப்புரிமைப் புகார் வரும். இந்தத் துண்டுகளைத் தனியே வெட்டி, தேதி, நிலையத்தின் பெயர், ஊர் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். தேதி தெரியாவிட்டால் விளம்பரத்தில் வரும் படத்தின் வெளியீட்டு நாளையோ கடைத் தள்ளுபடி நாளையோ வைத்து வாரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.